பதினொரு மணி எண்

எங்கள் மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இளையவர்கள் வருவதும், நான் மறுத்து அனுப்புவதும் பல ஆண்டுகளாக நடந்து வருபவை. இந்த முறை வந்த இருவர், விருதுநகரில் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து காட்டினார்கள். ஒரு மருந்து ஒரே ஒரு நோயாளிக்கு, அவருக்கு மட்டும், பயன்படுகிறதா என்று சோதித்துப் பார்க்க உதவும் செயலி அது. எந்த வாரம் உண்மை மருந்து, எந்த வாரம் வெற்று மருந்து என்று தானே குலுக்கிப் போட்டுக்கொள்கிறது. நோயாளியின் கைபேசியில் வேளை தவறாமல் மணி அடித்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கிறது. முடிவில் வரைபடமும் போட்டுத் தருகிறது.

"சார், நீங்க அந்தக் காலத்துலயே இதச் செஞ்சு பாத்தவராமே. அதப் பத்தி எழுதுங்களேன்" என்றார் ஒருவர்.

செய்து பார்த்தது உண்மை. எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் எதிர்பார்த்துப் போன கட்டுரை இதுவாக இருக்காது.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. காரியாபட்டியில் பிறந்து, மதுரையில் மருத்துவம் படித்து, அங்கேயே நெஞ்சகநோயில் மேற்படிப்பு முடித்தேன். அந்த மேற்படிப்புக் காலத்தில் எங்கள் துறைத் தலைவர், இப்போது செயலி செய்யும் அதே காரியத்தைக் காகித உறைகளைக் கொண்டு செய்துவந்தார். ஒரு மருந்து ஆயிரம் பேரில் பெரும்பாலோருக்குப் பயன்படுகிறது என்று புத்தகம் சொல்லும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பெரும்பாலோரில் ஒருவரா என்பதைப் புத்தகம் சொல்லாது என்பது அவர் கட்சி. ஐயம் வரும்போது நோயாளிக்கே இரண்டு வாரம் மருந்தும் இரண்டு வாரம் வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, தினமும் ஒரு தாளில் எண் போடச் சொல்வார். எது எப்போது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மருந்தகத்தில் ஒருவரிடம் மட்டும் விவரம் மூடிய உறையில் இருக்கும்.

சோதனை முடியும் நாளில் அவர் செய்வது ஒவ்வொரு முறையும் அச்சுப் போல ஒன்றாகவே இருந்தது. நோயாளி கொண்டுவந்த தாள்களைப் படிக்காமல் வாங்கி, எழுத்துப் பக்கம் அடியில் இருக்கும்படி மேசைமேல் கவிழ்த்து வைப்பார். அதன்மேல் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைப்பார். கைகளைக் கோத்துக்கொண்டு, "எந்த வாரம் நல்லாருந்தீங்க?" என்று கேட்பார். நோயாளி சொல்வதை ஒரு மருத்துவச் சொல்லும் கலக்காமல், அவர் வாயில் வந்தபடியே எழுதிக்கொள்வார். அதன் பிறகுதான் தாள்களைத் திருப்புவார். வாய் சொன்னதும் தாள் சொன்னதும் பொருந்தவில்லை என்றால் இரண்டையும் நம்ப மாட்டார்; வீட்டில் கூட இருப்பவரை அழைத்துவரச் சொல்வார். ஒருமுறை நான் அவசரப்பட்டுத் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். கோபிக்கவில்லை. "போய் ஒரு காபி சாப்பிட்டு வாங்க" என்றார். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்தக் கண்ணாடிக் கூடு ஒரு பாவனை என்றே அப்போது நினைத்தேன்.

சிவகாசிப் பக்கத்தில், வெம்பக்கோட்டைச் சாலையில் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் பிறகு பணியில் சேர்ந்தேன். என் மனைவி சுகந்தி அங்கேயே மருந்தாளுநர். பட்டாசு ஆலைகளிலிருந்தும் தீப்பெட்டி ஆலைகளிலிருந்தும் இருமலும் இரைப்புமாக வருபவர்களை இருபதாண்டுக்கு மேல் பார்த்தேன். இரண்டாயிரங்களின் நடுவில், பெங்களூரில் மென்பொருள் வேலை பார்த்த என் மைத்துனர் ஒரு கையடக்கக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறத் திரை, குத்தி அழுத்த ஒரு பிளாஸ்டிக் குச்சி. தலைவரின் காகித முறை முழுவதையும் அதற்குள் எழுதித் தரும்படி அவரைக் கேட்டேன். காலை பதினொரு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் அது மணியடிக்கும். திரையில் ஒன்று முதல் ஏழு வரை கட்டங்கள் தோன்றும். மூச்சுத் திணறல் இல்லையென்றால் ஒன்று; பேசவே முடியவில்லை என்றால் ஏழு. கால் மணி நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் அந்தப் பதிவு போய்விடும். நோயாளிகள் தாளில் செய்யும் தவறு எனக்குத் தெரியும்: இரண்டு வாரத்து எண்களையும் பேருந்தில் வரும்போது மொத்தமாக எழுதிவிடுவார்கள். இந்தக் கருவியை அப்படி ஏமாற்ற முடியாது என்று மகிழ்ந்தேன்.

முதலில் அதைப் பொன்னுத்தாய்க்குக் கொடுத்தேன். நாற்பதை எட்டாத வயது, கணவர் இல்லை. பட்டாசு ஆலையில் குழாய்களில் வெடிமருந்து நிரப்பும் அறையில் வேலை. இன்ஹேலரில் உறிஞ்சு மருந்து எடுத்தும் இரைப்பு முழுதாக அடங்கவில்லை.

"கேட்டுல இருந்து எங்க ரூமுக்கு நடக்கணும் சார். ரூமு ரூமுக்கு எடம் விட்டுத்தான கட்டியிருக்காக, அம்புட்டு தூரம். நடுவுல ரெண்டு எடத்துல நின்னு நின்னு போறேன். போர்மேன் பாத்துட்டாரு."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு. மக டீச்சர் ட்ரெய்னிங் படிக்கா சார். இன்னும் ஒரு வருசம் இருக்கு. அதுவரைக்கும் இந்த மூச்ச ஓட்டிக் குடுத்துருங்க, போதும்."

அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கக்கூடியது மெதுவாகக் கரையும் ஒரு மாத்திரை. சிலருக்கு அது நன்றாகக் கேட்கும். சிலருக்குக் குமட்டலும் படபடப்பும்தான் மிஞ்சும். இவர் எந்த வகை என்று தெரிய வேண்டும். மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வாரம் மருந்து, இரண்டு வாரம் வெற்று என்று முடிவு செய்தேன். மாத்திரையை உடைத்தால் மெதுவாகக் கரையும் தன்மை கெட்டுவிடும் என்பதால், சுகந்தி முழு மாத்திரையைப் பெரிய கேப்சூல் கூட்டுக்குள் இட்டு, சுற்றிலும் பால்சர்க்கரைத் தூளை நிரப்பி மூடினாள். மற்றக் கூடுகளில் வெறும் தூள். தராசில் வைத்து எடையும் சரிபார்த்தாள். வரிசையைக் கணினி குலுக்கியது. அச்சிட்டு உறையில் போட்டு, தன் மேசை இழுப்பறையில் பூட்டினாள்.

பொன்னுத்தாய்க்கு எல்லாவற்றையும் விளக்கினேன்.

"அப்ப எது மருந்து, எது மாவுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. எனக்கும் தெரியாது."

"பெறகு யாருக்குத்தான் தெரியும்?"

சுகந்தியைக் காட்டினேன். பொன்னுத்தாய் சிரித்து, "அப்ப அக்காளத்தான் காக்கா பிடிக்கணும்" என்றார். சுகந்தியும் சிரித்தாள்.

"மணி அடிச்சா விடக் கூடாது. பதிவு நிறைய விட்டுப்போச்சுன்னா சோதனைய நிறுத்தும்படி ஆயிரும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் அந்தக் கருவியை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை சுகந்தி கேட்டாள்: "பதினொரு மணிக்கு அந்தப் பொண்ணு எங்க இருப்பா?"

"ஆலையில."

"உள்ள விடுவாங்களா இத?"

தீப்பெட்டி, பீடி, கைபேசி மூன்றையும் ஆலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரியும். ஆனால் என் மனத்தில் அந்தக் கருவி கைபேசியோடு சேரவில்லை, காய்ச்சல்மானியோடு சேர்ந்திருந்தது. "கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்கவில்லை.

சோதனை தொடங்கும் முன்பே முடிவை எதை வைத்துச் சொல்வது என்று எழுதிவைத்தேன். அதுதான் முறை, இல்லையென்றால் பிற்பாடு மனத்துக்குப் பிடித்த எண்ணைப் பொறுக்கிக்கொள்ளத் தோன்றும். காலையில் விழுங்கும் கூடு முன்பகலில் நன்றாக வேலை செய்யும். மாலையில் அவர் வீட்டில் விறகு அடுப்பு எரியும், புகை குறுக்கிடும். ஆகவே பதினொரு மணி எண்ணே முடிவு, மாலை எண் வெறும் துணைக்குறிப்பு என்று எழுதி, கையெழுத்திட்டேன்.

பன்னிரண்டு வாரமும் ஒரு பதிவுகூட விடுபடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் கருவியைக் கொண்டுவருவார். கம்பியால் கணினியோடு இணைப்பேன். வரிசை வரிசையாக எண்கள் இறங்கும். ஆலை வேனில் கூட வரும் பெண்கள் கேலி செய்வதைச் சுகந்தியிடம் சொல்லிச் சிரிப்பார்: "'பொன்னுத்தாயி ஆபீசரு வேலைக்குப் போயிட்டா, பெட்டியும் கையுமாத்தான் அலையுதா'ங்காளுக அக்கா." சோதனை முடிந்தபின் மதுரையில் நடந்த சங்கக் கூட்டத்தில் அந்த முழுமையான பதிவையும் முடிவையும் திரையில் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள்.

மூன்றாம் முறை வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "சார், இப்பக் குடுத்த மாத்திரயில..." என்று தொடங்கினார்.

நான் உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தினேன். "சொல்லக் கூடாதும்மா. நீங்க சொன்னா என் மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும். அதான் பெட்டியில அமுக்குறீங்கள்ல, அது சொல்லும்."

அவர் சுகந்தியைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

கடைசி நாள் கணினி முடிவைக் காட்டியது. சுகந்தி உறையைப் பிரித்து வாரங்களைப் பொருத்திப் பார்த்தாள். பதினொரு மணி எண்கள் மருந்து வாரத்திலும் வெற்று வாரத்திலும் ஒன்றுபோலவே இருந்தன: இரண்டு, மூன்று, நான்கு, மீண்டும் மூன்று.

"சாயங்கால எண்ணு வேற மாதிரி போகுதே" என்றாள் சுகந்தி. "மருந்து வாரத்துல கொறஞ்சிருக்கு. மூணு சுத்துலயும்."

"அது விறகுப் புகை."

"புகை என்ன, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா விட்டு விட்டா வரும்?"

"முன்கூட்டி எழுதின விதிய இப்ப மாத்த முடியாது, சுகந்தி."

அவள் என்னைப் பார்த்தாள். உறையை மடித்து இழுப்பறையில் வைத்தாள்.

தாள்களைக் கவிழ்த்து வைப்பதோ, நோயாளியை ஒரு வார்த்தை கேட்பதோ எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய். நினைவுக்கு வந்தது. கருவி இல்லாத காலத்துக்கு உரிய வழக்கம் அது என்று ஒதுக்கினேன்.

பொன்னுத்தாயிடம், "இந்த மாத்திரை உங்களுக்குப் பயன்படல. வீணா வயித்தக் கெடுக்க வேண்டாம்" என்றேன்.

"மிஷினே சொல்லிருச்சா?"

"ஆமா."

"அப்பச் சரிதான்" என்று எழுந்து போனார்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் ஆலைகளில் உச்சமான சீசன். மழையும் அந்த ஆண்டு முன்கூட்டியே தொடங்கியது. அடுத்த மாதம் வரவேண்டிய நாளில் பொன்னுத்தாய் வரவில்லை. அதே வேனில் போகும் இன்னொரு பெண் இருமலுக்கு வந்தபோது விசாரித்தேன்.

"அவளையா? வேலய விட்டு நிப்பாட்டிட்டாக சார். நெரப்புன தட்டோட போகையில பாதி வழியில மூச்சு வாங்கி உக்காந்துட்டா. தட்டு கைய விட்டு நழுவல, சாமி புண்ணியம்."

மறுநாளே ஆலைக்குப் போனேன். போர்மேனிடம் பேசி அவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை ஏதாவது வாங்கித் தரலாம் என்று நினைப்பு. வாசலில் காவல் அறை. அறுபதை நெருங்கிய வாட்ச்மேன், எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுபவர், என் கைபேசியை வாங்கி, மூடி போட்ட ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்தார். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"நீகதான் அந்தப் பெட்டி டாக்டரா? வாங்க, வாங்க. ஒங்க பெட்டியும் இந்த டப்பாக்குள்ளதான் சார் கெடந்துச்சு. மூணு மாசமும் நான்தான் பாத்துக்கிட்டேன். ஒரு நா விடல."

எனக்கு உடனே புரியவில்லை. "என்ன பார்த்துக்கிட்டீங்க?"

"பதினோரு மணிக்கு மணி அடிக்கும்லா, அதத்தான். பொன்னுத்தாயி, 'அண்ணாச்சி, விட்டுப்போச்சுன்னா பேர அடிச்சிருவாகளாம், கொஞ்சம் அமுக்கிருங்க'ன்னுச்சு. லீவு நாளைக்கு மட்டும் வீட்டுல பொன்னுத்தாயியே அமுக்கிக்கிடும். மத்த நாளெல்லாம் நான்தான், அந்தக் குச்சியால ஒரு குத்து."

"எந்த நம்பர்?"

"மூணுதான். சுத்தமா ஒண்ணுன்னு போட்டா, ஆளு சொகமாயிட்டான்னு மருந்த நிறுத்திப்புடுவீகள்ல? ஏளுன்னு போட்டா ஆசுபத்திரியில படுக்கப் போட்டுருவீக. அதான் நடுவாந்தரமா." குரலைத் தாழ்த்தினார். "தெனமும் மூணே போட்டாலும் சந்தேகம் வரும்லா? வருகை நோட்டு எளுதி எளுதி எனக்கு அது பளக்கம் சார். எல்லாருக்கும் எட்டு மணின்னு எளுதுனா ஆபீசரு வந்து கேப்பாரு. ஒருத்தருக்கு ஏளு அம்பத்தஞ்சு, ஒருத்தருக்கு எட்டு ரெண்டு. அந்தமாதி, எடையில ரெண்டு, எடையில நாலு."

நான் அவர் மேசைமேல் இருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகான கையெழுத்து.

"செரியாத்தான செஞ்சேன் சார்?" என்றார்.

"சரிதான் அண்ணாச்சி" என்றேன்.

போர்மேன் வாசலுக்கே வந்தார். மரியாதையானவர், சுற்றி வளைக்கவில்லை. "நானும் மனுசன்தான் சார். பாவம்னு வச்சுக்கிட்டு, நாளைக்குத் தட்டு கீள விளுந்தா? ரூமுல நாலு பேரு இருக்காக. இனிமே அந்த எடமும் காலி இல்ல. அவுக மக வந்துட்டால்ல, அம்மா எடத்துக்கு. போன திங்கக்கெளமையில இருந்து வேன்ல வாரா."

பொன்னுத்தாயின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். அவர் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்க முயன்றார், வேண்டாம் என்றேன். அந்த முயற்சிக்கே மூச்சு இரைத்தது.

"காலையில பெட்டிய அமுக்குனது நீங்க இல்லன்னு என்கிட்ட ஏம்மா சொல்லல?"

அவர் முகத்தில் உண்மையான வியப்பு தெரிந்தது. "அத உள்ள விட மாட்டாகன்னு ஒங்களுக்குத் தெரியாதா சார்? சிவகாசிக்கே தெரியுமே. தெரிஞ்சுதான் குடுத்தீகன்னு இருந்தேன்."

பசை தொட்ட விரலைத் துணியில் துடைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"மாத்திர எது, மாவு எதுன்னு எனக்கு மூணாவது நாளே தெரிஞ்சுபோகும் சார். நல்ல மாத்திர வாரத்துல நடுவுல நிக்காமயே ரூமுக்குப் போயிருவேன். சொல்லத்தான் வந்தேன். நீங்கதான் கைய மறிச்சீக."

அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

மாத்திரையை மீண்டும் தொடங்கினேன். நோயாளிக்கு அது கேட்டது. இரண்டு வாரத்தில் அவர் குழாயடிக்குப் போய்க் குடத்தோடு நிற்காமல் திரும்பினார். நான் கொடுத்த மாத்திரை ஒருவருக்கு நன்றாக வேலை செய்வதைப் பார்த்து மகிழ முடியாமல் போனது அந்த ஒரு முறைதான். சுகந்தி பொன்னுத்தாயின் மகளை இரண்டு தடவை போய்ப் பார்த்து, படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடரும்படி பேசினாள். "அம்மாவ ஒக்கார வச்சுட்டுப் போயி நான் என்னத்தப் படிக்க?" என்று கேட்டுவிட்டு, வேனுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாளாம்.

என்னிடம் சுகந்தி 'அன்றே கேட்டேனே' என்று சொல்லவில்லை. அன்றும் இல்லை, அதன்பின் எந்த நாளிலும் இல்லை.

சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கருவிக் கோளாற்றால் தரவுகள் பயனற்றுப்போயின, ஆகவே முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி. கருவியில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. சொன்ன நேரத்தில் மணியடித்தது, போட்ட எண்ணைப் பதிந்தது. அந்த இரண்டு வரியைத் திருத்துவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன். என்னை முன்னோடி என்று நினைத்து வந்த அந்த இருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் செயலி என்னுடைய கருவியைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. மணி அடிக்கும் நேரத்தில் உங்கள் நோயாளி எங்கே நின்றுகொண்டிருப்பார் என்று அதற்கும் தெரியாது. நீங்கள் கேட்க வேண்டும். முடிவு நாளில் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு முறை வாயாலும் கேட்க வேண்டும்.

இத்தோடு முடித்திருக்கலாம். இன்னும் ஒன்று இருக்கிறது.

சுகந்தி போய் ஏழு மாதம் ஆகிறது. கடைசி வாரங்களில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். செவிலியர் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கையில் ஒரு திரையோடு வந்து, வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டுப் பதிவார். எண் கூடினால் மருந்து கூடும். ஒரு முற்பகலில் அவர் வந்தபோது சுகந்தி கண்ணை மூடியிருந்தாள். செவிலியருக்கு இன்னும் பல படுக்கைகள் பாக்கி. "எத்தனைன்னு போடட்டும் சார்?" என்று என்னைக் கேட்டார்.

நான் "மூணு" என்றேன்.

மருந்து கூடினால் அவள் தூங்கிவிடுவாள். எனக்கு அவளோடு இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. காரணம் அவ்வளவுதான். அந்த வாட்ச்மேன் மூன்று போட்டது, பொன்னுத்தாய்க்கு மருந்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக.

செவிலியர் போனபின் சுகந்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உறையை மடித்து இழுப்பறையில் வைக்கும்முன் பார்த்த அதே பார்வை. நான் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து எழுந்து செவிலியர் மேசைக்குப் போனேன். "அந்த எண்ணு நோயாளி சொன்னதில்ல, நான் சொன்னது. வந்து அவங்களையே கேளுங்க" என்றேன்.

அவர் வந்தார். குனிந்து, பொறுமையாகக் கேட்டார். சுகந்தி ஒரு கையின் ஐந்து விரல்களையும் விரித்தாள். பிறகு மறு கையை மெல்லத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டினாள்.

எட்டு.

மருந்தைக் கூட்டினார்கள். அவள் தூங்கினாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவளுடைய பதிவில் அந்த அரை மணி நேரத்துக்கு எதிரே மூன்று என்றே இருக்கும். அது நான் போட்ட எண்.